எந்த மீனுக்கு என் தொட்டி போதும்?

கடல்நீரில் மீன்தொட்டி வைக்கப் போகிறேன் என்று வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த மீன் டீச்சர் அழகா இருக்கும்?" என்பதுதான். அடுத்தது, "எது சீக்கிரம் சாகாம இருக்கும்?" பல வருடம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதாலும், வீட்டு முன்னறையில் ஒரு சின்னக் கடல்நீர்த் தொட்டி இருப்பதாலும் இந்தக் கேள்விகள் என்னைத் தேடி வருகின்றன. இரண்டுக்கும் பதில் சொல்ல முடியும். ஆனால் இவற்றுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டவன் என் பழைய மாணவன்.

தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். அப்பா, தாத்தா எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். இவனும் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறான். தங்கை கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவன், காபி ஆறுவது தெரியாமல் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். பிறகு கேட்டான்: "டீச்சர், நாங்க புடிக்கோம், விக்கோம், திங்கோம். நீங்க மீன் சாப்பிடாதவிய. ஆனா உசுரோட அடைச்சி வச்சிப் பாத்துக்கிட்டு இருக்கிய. ரெண்டுல எது டீச்சர் பாவம்?"

அவன் குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அன்றைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அப்போது யோசிக்கத் தொடங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் எங்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். கொல்லாமை என்றால் கத்தி எடுக்காமல் இருப்பது, தட்டில் விழாமல் பார்த்துக்கொள்வது, அதோடு முடிந்தது என்று பழகிய வீடு. கண்ணாடிக்குள் ஒரு மீன் மெலிந்து மெலிந்து செத்துப்போனால் அங்கே கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. ஆனாலும் ஓர் உயிர் போயிருக்கிறது. நான் வாங்கியதால் போயிருக்கிறது. தட்டில் விழாத கொலையும் கொலைதான் என்பதை எங்கள் வீட்டு ஆசாரம் எனக்குச் சொல்லித்தரவில்லை. சின்னத் தொட்டிதான் சொல்லித்தந்தது.

சின்னத் தொட்டி என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கடல்நீரில் நூறு லிட்டருக்குக் கீழே எல்லாமே சிறியதுதான். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி ஏறக்குறைய 40 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் போட்டபின் உள்ளே நிற்கும் தண்ணீர் 30 லிட்டர்தான். எங்கள் ஊர் வெயிலில் அதில் தினமும் ஒன்றிரண்டு டம்ளர் ஆவியாகிப் போகும். தண்ணீர் போகும், உப்பு போகாது. குறைந்ததை நல்ல தண்ணீரால் நிரப்பாமல் பல நாள் ஊருக்குப் போய்வந்தால் மீனைச் சுற்றி இருப்பது கடல் இல்லை, உப்பள நீர். தண்ணீரின் அடர்த்தி எண் 1.025-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். ஒரு சிட்டிகை தீனி அதிகமாகிப் போனால் அது அழுகி அம்மோனியா ஆகும். கடல்நீர் காரத்தன்மை உடையது என்பதால் அதே அம்மோனியா அங்கே கூடுதல் விஷம். நாலைந்து வாரம் மீனே விடாமல் காத்திருந்து, கல்லிலும் மணலிலும் நுண்ணுயிர்கள் வளர்ந்து, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தண்ணீருக்கு உயிரைத் தாங்கும் பக்குவம் வருகிறது. உப்புக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு தொட்டித் தண்ணீருக்கு உப்பை விலைக்கு வாங்குகிறீர்களே என்பார்கள். உப்பளத்து உப்பு இதற்கு ஆகாது. பாத்தியில் உப்பு விளைவதற்கு முன்பே சுண்ணாம்புச் சத்து தனியே படிந்துவிடும். மெக்னீசியம் உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். கடலில் இருக்கும் பலவற்றில் ஒன்றுதான் மூட்டையில் வருகிறது.

இவ்வளவையும் சொல்வது தொழில்நுட்பம் கற்பிக்க அல்ல. பெருங்கடலில் ஒரு செயலின் விளைவு கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். சின்னத் தொட்டியில் நான் காலையில் செய்தது மாலையில் என் முன்னால் வந்து நிற்கிறது. வினை, வினைப்பயன் என்று நாம் பிறவிக் கணக்கில் பேசுவதை இவ்வளவு பக்கத்தில் பார்க்க வேறு இடம் எனக்கு வாய்க்கவில்லை.

மீனுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கிறது. நத்தை, சிப்பி வகைக்கு இரண்டறிவு, நண்டுக்கு நான்கு. சமணம் மீனை ஐந்து பொறியும் உள்ள உயிர்களோடு வைக்கிறது, அதாவது பசுவும் யானையும் இருக்கும் வரிசையில். இந்தக் காலத்து ஆய்வும் அந்தப் பக்கமாகவே நகர்கிறது. 2003-இல் ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனத்தில் லின் ஸ்னெடனும் அவருடன் இருந்தவர்களும், டிரவுட் மீனின் தலையில் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். நம் மூளையில் உள்ள மேலுறை மீனுக்கு இல்லை, ஆகவே அது வலியை நாம் அனுபவிப்பதுபோல் அனுபவிக்காது என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள், வாதம் முடியவில்லை. 2019-இல் ஜப்பானின் ஒசாகாவில் மசநோரி கோடாவின் குழு வெளியிட்ட ஆய்வு என்னை அதிகம் உலுக்கியது. மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டுண்ணி பொறுக்கித் தின்னும் துப்புரவு மீனின் தொண்டைப் பக்கம் ஒரு நிறக்குறி இட்டார்கள். கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்த மீன், அந்த இடத்தைத் தரையில் கொண்டுபோய்த் தேய்த்தது. தன்னையே அடையாளம் கண்டது என்று அவர்கள் சொன்னார்கள். அதன் பொருள் என்ன என்று அறிஞர்கள் இன்னும் தர்க்கிக்கிறார்கள். எனக்கு அந்த ஐயமே போதும். ஓர் உயிருக்கு நோகுமா நோகாதா என்று உறுதியாகத் தெரியாதபோது, நோகும் என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் அறம்.

அதே துப்புரவு மீனை அலங்கார மீன் கடையில் ‘க்ளீனர் ராஸ்’ என்று விற்கிறார்கள். நீல நிறத்தில் கறுப்புக் கோடு, விரல் நீளம், பார்க்கச் சின்னது. சின்னத் தொட்டிக்கு ஏற்றது என்று நினைத்து வாங்குகிறார்கள். கடலில் அதனிடம் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மீன்கள் வரிசையாக வந்து நின்று வாயைத் திறக்கும். என் தொட்டியில் அதற்கு யார் வருவார்கள்? பெரும்பாலும் அது பட்டினியில்தான் சாகிறது.

இங்கேதான் வள்ளலார் நினைவுக்கு வருகிறார். ஜீவகாருண்யத்தைப் பேசும்போது அவர் எல்லாத் துன்பத்துக்கும் முன்னால் பசியைத்தான் வைக்கிறார். வடலூரில் 1867-இல் அவர் ஏற்படுத்திய தருமச்சாலையின் அடுப்பு அதற்காகத்தான் எரிகிறது. பசி மனிதனுக்கு மட்டும் உள்ளதில்லை. கடலில் திரியும் மீன் தன் பசியைத் தானே ஆற்றிக்கொள்கிறது. கிடைக்காவிட்டால் இடம் மாறுகிறது. கண்ணாடிக்குள் போட்ட கணத்தில் அதன் பசி அதனுடையதாக இல்லாமல் என்னுடையதாகிவிடுகிறது. ஆகவே எந்த மீன் என்று தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் நான் வைக்கும் முதல் அளவுகோல் நிறமோ நீளமோ அல்ல: இதன் பசியை என்னால் ஆற்ற முடியுமா?

மாண்டரின் மீனைப் பாருங்கள். நீலத்தில் ஆரஞ்சு வரி ஓடும் பட்டுச்சேலை போன்ற உடம்பு. இவ்வளவு அழகான மீன் கடலில் குறைவு. மூன்றங்குலம்தான் வளரும். ஆனால் பகல் முழுக்கப் பாறைப் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்களை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்பது அதன் பிழைப்பு. நாம் போடும் தீனியைப் பெரும்பாலும் தொடாது. 30 லிட்டரில் உள்ள கல்லை அது சில நாளில் வழித்துவிடும். பிறகு வயிறு ஒட்டத் தொடங்கும். கடல்குதிரைக்கு இரைப்பையே கிடையாது. தின்றது தங்காது, ஆகவே ஒரு நாளில் பல முறை தின்றாக வேண்டும். எங்கள் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் உள்ள கடல்குதிரைகளை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு இணையான முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அப்படியும் ஒருவர் என்னிடம் வந்து, ‘உயிரோடு வேண்டுமா, ஏற்பாடு செய்கிறேன்’ என்று தணிந்த குரலில் கேட்டார். வேண்டாம் என்றேன். சட்டம் இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதன் பசிக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது.

பசிக்கு அடுத்தது ஓட்டம். சினிமாவில் வந்த டோரியைக் கேட்டுக் குழந்தைகள் அழுகிறார்கள். கடையில் இருக்கும்போது அது ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். வளர்ந்தால் ஓரடி. நாளெல்லாம் பாறைத் தொடரை ஒட்டி நீந்தித் திரியும் மீன் அது. ஒன்றரை அடித் தொட்டியில் அது உயிரோடு இருக்கலாம். டோரியாக இருக்க முடியாது.

மூன்றாவது, சண்டை. நீல டாம்சல் மலிவு, எதற்கும் அசராது, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நல்லது என்று தள்ளிவிடுவார்கள். அதன் இயல்பு தன் பாறையைக் காப்பது. கடலில் அது இன்னொரு மீனைத் துரத்தினால், துரத்தப்பட்டது நாலு முழம் தள்ளிப் போய்விடும். சண்டை அதோடு தீர்ந்தது. தொட்டியில் நாலு முழம் இல்லை. தோற்ற மீன் கண்ணாடி மூலையில், தண்ணீரின் மேல்மட்டத்தில் செதிலும் துடுப்பும் கிழிந்து நிற்கும். இரண்டு நாளில் செத்துவிடும். ‘டாம்சல் பொல்லாதது’ என்று பேசிக்கொள்வார்கள். அந்த மீன் தன் இயல்பில் நின்றது. தப்பியோட வழியில்லாத இடத்தில் இரண்டையும் சேர்த்துப் போட்டவர்தான் அந்தச் சாவுக்குப் பொறுப்பு. பாவத்தைச் செய்தவன் யார், செய்யும்படி சூழலை அமைத்தவன் யார் என்று நம் பெரியவர்கள் நிறைய விவாதித்திருக்கிறார்கள். இந்த வழக்கில் எனக்குக் குழப்பமே இல்லை.

நான்காவது கேள்வியை யாரும் கடையில் கேட்பதில்லை: இது எங்கே பிறந்தது, யார் பிடித்தார்கள்? பிலிப்பைன்ஸில் 1960-களில் தொடங்கி, பவளப்பாறை இடுக்கில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பரவியது. மயங்கியதில் கொஞ்சம் சாகும், மிச்சம் பிழைத்து விமானம் ஏறும். பின்னால் பவளம் வெளுத்துச் சாகும். இந்தோனேஷியாவில் சுலவேசிக்கு அருகே பங்காய் தீவுகளில் மட்டும் வாழும் ஒரு சின்ன மீன் உண்டு. வெள்ளியில் கறுப்புப் பட்டை, ஆண் மீன் முட்டையை வாயில் வைத்துக் காக்கும். அலங்காரத் தொட்டிகளுக்காக அதை அள்ளி அள்ளி, 2007-இல் அது அழியும் ஆபத்தில் உள்ள உயிராகப் பட்டியலில் ஏறிவிட்டது. வாங்கியவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. அந்த மீனை அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பிடித்துப்போவதில்தான் சிக்கலே இருக்கிறது. கடல்நீர்த் தொட்டி என்ற வழக்கத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தின் பிலிப் ஹென்றி காஸ். 1854-இல் அவர் எழுதிய மீன்தொட்டிப் புத்தகத்தைப் படித்து ஒரு நாடே கடற்கரைக்கு ஓடியது. அவர் ஆழ்ந்த கிறிஸ்தவர், பிரசங்கி. டெவன் கடற்கரைப் பாறைக்குழிகளில் தேங்கிய நீரில் அவர் பார்த்தது ஆண்டவனின் கைவேலையை. அதை எல்லாரும் பார்க்கட்டும் என்று எழுதினார். எல்லாரும் வந்தார்கள், வாளியும் உளியும் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளில் அந்தக் குழிகள் வெறுமையாகிவிட்டன. அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளியிட்ட நூலில், தன் தந்தையின் புத்தகங்களே அந்த அழிவுக்குக் காரணமாகிவிட்டன என்பதையும் அது தந்தையை எவ்வளவு வாட்டியது என்பதையும் எழுதியிருக்கிறார். பக்தியில் தொடங்கிய பார்வை அப்படி முடிந்தது. கோயிலில் தரிசனம் செய்கிறோம். மூலவரைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவர யாரும் நினைப்பதில்லை. படைப்பின் அழகு விஷயத்தில் மட்டும் பார்ப்பதற்கும் எடுத்துக்கொள்வதற்கும் நடுவே உள்ள கோடு நமக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் அழிந்துவிடுகிறது?

அப்படியானால் நீ எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். என் தொட்டி இரண்டடி நீளம். சுமார் 70 லிட்டர். அதில் இரண்டு கோமாளி மீன்கள் இருக்கின்றன. இரண்டும் குஞ்சுப்பண்ணையில் பொரித்தவை. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் உட்படப் பல இடங்களில் இந்த மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து வளர்க்கும் முறை கைவந்திருக்கிறது. கடலிலிருந்து பிடிக்கத் தேவையில்லாத கடல்மீன் என்று சொல்லும்படி இருப்பவை சிலதான். அதில் இது முதலாவது.

இதைத் தேர்ந்ததற்குப் பிறப்பிடம் மட்டும் காரணமில்லை. கோமாளி மீன் தன் வளர்ந்த வாழ்வை ஒரே கடல்தாமரையைச் சுற்றிச் சில முழத்துக்குள் கழிக்கிறது. பொரித்ததும் பத்துப் பன்னிரண்டு நாள் நீரோட்டத்தில் மிதந்து அலையும். ஒரு தாமரையில் இடம் கிடைத்தபின் அதைவிட்டு அகலாது. அதன் பசி ஆற்றக்கூடிய பசி: இறால் துணுக்கு, உருண்டைத் தீனி, எது கொடுத்தாலும் தின்னும். இரண்டு இளங்குஞ்சுகளை ஒன்றாக விட்டால் போதும். எல்லாமே ஆணாகத்தான் பிறக்கின்றன. இரண்டில் பெரியது பெண்ணாகிவிடும். மூன்றாவது ஒன்று வேண்டவே வேண்டாம். சின்னத் தொட்டியில் அதற்கு ஒதுங்க இடம் இருக்காது. கடல்தாமரையும் வேண்டாம், அதற்கு வேண்டிய ஒளியும் நிலையான நீரும் சின்னத் தொட்டி தராது. தாமரை இல்லாமலே இந்த மீன் நன்றாக வாழ்கிறது.

சைவ சித்தாந்தத்தில் குரு அளிக்கும் தீட்சைகளுக்கு உவமை சொல்வார்கள். பறவை தொட்டு அடைகாக்கும், ஆமை நினைத்தே பொரிக்கும், மீன் பார்த்தே பொரிக்கும் என்பார்கள். சிறுவயதில் கேட்டது. என் தொட்டியில் முதன்முறை முட்டையிட்டபோது இதை மனதில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். இரண்டும் ஒரு தட்டைக்கல்லை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தன. பெண் வயிற்றைக் கல்லோடு உரசி வரிசை வரிசையாக வைத்துக்கொண்டே போக, ஆண் பின்னாலேயே போயிற்று. ஆரஞ்சு நிறத்தில், ரவையளவு நீள முட்டைகள். அன்றிலிருந்து ஆண் மீன் அந்தக் கல்லைவிட்டு நகரவில்லை. பக்கத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். முகத்தைக் கிட்டே கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்க்கும். பூஞ்சை பிடித்ததை வாயால் கிள்ளி எடுக்கும். தீனி போட்டால் ஓடிவந்து ஒரு வாய் கவ்விக்கொண்டு திரும்பிவிடும். ஒரு வாரத்தில் முட்டை கறுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளிப் புள்ளி தெரிந்தது. குஞ்சுகளின் கண்கள். அவையும் என்னைப் பார்த்தன. பார்த்தே பொரிக்கும் என்று சொன்னவர் யாரோ, அவர் ஏதோ ஒரு குளத்தங்கரையில் இப்படி ஒரு தகப்பனைப் பார்த்திருக்க வேண்டும்.

விளக்கணைத்து ஒரு மணி நேரத்தில் அவை பொரிந்தன. நூற்றுக்கணக்கில், கண்ணாடி ஊசிபோல். காலையில் ஒன்றும் இல்லை. அந்தக் குஞ்சுக்கு ரோட்டிபர் என்ற நுண்ணுயிரைத்தான் உணவாகக் கொடுக்க முடியும். அந்த ரோட்டிபருக்குப் பச்சைப்பாசி நீர் வளர்க்க வேண்டும். எல்லாம் தனித்தனித் தொட்டிகளில். பண்ணை செய்வதை முன்னறையில் செய்ய முடியாது. கடலிலும் நூற்றில் ஒன்று தப்புவது அரிதுதான் என்று புத்தகம் சொல்கிறது. வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த ஆறுதல் எனக்கு முழுதாக ஒட்டவில்லை. கடலில் சாகும் குஞ்சு இன்னொன்றின் பசியை ஆற்றுகிறது. என் தொட்டியில் அது வடிகட்டிப் பஞ்சில் அழுக்காகப் படிகிறது. இரண்டும் ஒரே சாவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவை இன்றும் முட்டையிடுகின்றன. கல்லை எடுத்துவிடலாமா என்றால், விசிறிக்கொண்டிருக்கும் அந்தத் தகப்பனிடமிருந்து அதைப் பிடுங்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. இந்தக் கேள்வி எனக்குள் தீராமலே இருக்கிறது.

மாணவன் அடுத்த முறை வந்தபோது பண்ணையில் பிறந்த மீன் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஜெயிலுக்குள்ள பொறந்தா ஜெயிலு வீடாயிருமா டீச்சர்?" என்றான். ஆகாது. கோமாளி மீன் கடலில் சில முழத்தைத் தாண்டுவதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த எல்லை அது வகுத்தது, இந்தச் சுவர் நான் வைத்தது. அங்கே அது ஓரிடத்தில் இருந்தாலும் கடல் அதைக் கடந்து போய்க்கொண்டே இருக்கிறது. இங்கே ஒரே தண்ணீர் சுற்றிச்சுற்றி வருகிறது. பண்ணையில் பிறந்தது என்பதால் கடலுக்கு நட்டமில்லை என்று மட்டும் சொல்லலாம். மீனுக்கு என்ன ஆயிற்று என்பது வேறு கணக்கு. நான் வாங்குவதால்தான் அடுத்த நூறு குஞ்சு பண்ணையில் வளர்க்கப்படுகிறது என்பதையும் மறைக்க மாட்டேன்.

சரி, கடலில் விட்டுவிடலாமே என்பார்கள். நாகப்பட்டினத்து அதிபத்த நாயனார் வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டவர். நாளுக்கு ஒரு மீன்தான் கிடைக்கிறது என்ற நிலை வந்து வீடு பட்டினி கிடந்தபோதும் அந்த ஒன்றையும் விட்டார் என்கிறது பெரியபுராணம். அவர் விட்டது அந்தக் கடலின் மீனை, பிடித்த நேரத்திலேயே. நாம் கடையில் வாங்கிய மீனை விடுவது அப்படியல்ல. இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் உரிய சிங்கமீன் 1985 வாக்கில் புளோரிடாக் கரையில் தென்பட்டது. தொட்டிகளிலிருந்து போயிருக்க வேண்டும் என்பதே பொதுவான முடிவு. இன்று கரீபியன் பவளப்பாறைகளின் சின்ன மீன்களை அது தின்று தீர்க்கிறது. புண்ணியம் என்று நினைத்துச் செய்வது இன்னொரு கடலுக்குப் பெரும் கேடாகலாம். கொண்டுவந்த உயிரைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

அந்தக் கடைசி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வாங்கும்போது யாரும் எண்ணுவதில்லை. பப்புவா நியூகினியில் கோமாளி மீன்களை ஆராய்ந்தவர்கள், பெண் மீன் 30 ஆண்டு வரை வாழக்கூடும் என்று கணித்தார்கள். தொட்டிகளில் இருபதைத் தாண்டியவை உண்டு. நான் அறுபதைத் தாண்டியவள். எனக்குப்பின் இவற்றை யார் பார்ப்பது என்று என் தங்கை மகளிடம் பேசி, அவள் மனமார ஒப்புக்கொண்ட பிறகுதான் வாங்கினேன். தீனி அளவு, தண்ணீர் மாற்றும் நாள், மின்சாரம் போனால் பேட்டரிக் காற்றுப் பம்பு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மறுமுனையில் இன்னொரு மீன். ஆஸ்திரேலியாவின் பவளப்பாறைகளில் வாழும் எவியோட்டா என்ற உளுவை இனத்தில் ஒன்று, அதிகமாகப் போனால் 59 நாள் வாழ்கிறது. முதுகெலும்புள்ள உயிர்களில் இதுவரை அறிந்தவற்றில் மிகக் குறுகிய ஆயுள் அதற்குத்தான். அதில் மூன்று வாரம் திறந்த கடலில் குஞ்சாகப் போய்விடும். அப்படி ஒன்றைப் பிடித்துப் பையில் அடைத்து அனுப்ப ஆறு நாள் ஆனால், அதன் ஆயுளில் பத்தில் ஒரு பங்கை இருட்டுப் பையில் கழித்துவிட்டோம் என்று அர்த்தம். சின்ன உயிர், கொஞ்ச நாள் என்பதால் அதன் நாளுக்கு மதிப்புக் குறைவு என்று எந்தச் சமயமும் சொல்லவில்லை. 30 வருடமோ 59 நாளோ, முழுதையும் நான்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது அவன் கேள்விக்கு என் பதிலைச் சொல்லிவிடலாம். தொழிலுக்குப் போகிறவன் ஒரு சாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதிலும் அவன் வீட்டுப் பசியும் வாங்கித் தின்றவர் பசியும் அவன் பக்கம் பேசும். நான் ஒரு வாழ்வு முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டும். என் பக்கம் பேச என் கண்ணின் ஆசையைத் தவிர எதுவும் இல்லை. ஆகவே என் கடன் பெரிது. ‘உன்னைவிட நான் சுத்தம்’ என்று நினைத்து ஜன்னலைச் சாத்தும் உரிமை எனக்கு இல்லை. இதை அவனிடமே சொன்னேன். "அப்போ ஏன் டீச்சர் வச்சிருக்கிய?" என்றான். "வச்சாச்சுல்லா, இனி பாத்துக்கிடணும் தம்பி," என்றேன். அதற்கு மேல் நியாயம் பேச எனக்கு மனம் வரவில்லை. அவன் குனிந்து அந்த ஆண் மீன் விசிறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலையில் இத்தனை வருடம் மீன் பார்த்தும் இதைப் பார்த்ததில்லை என்றான்.

என்னிடம் கேட்டு வருகிறவர்களுக்கு இப்போது ஒரே மாதிரிதான் சொல்கிறேன். இரண்டடித் தொட்டி வைக்க இடமிருந்தால், பண்ணையில் பிறந்த இரண்டு கோமாளி மீன், அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். ஒன்றரை அடிதான் முடியும் என்றால் பண்ணையில் வளர்ந்த சின்ன உளுவை ஒன்று, அதுவும் கிடைத்தால் மட்டும். நியான் கோபி வகை இரண்டங்குலத்துக்கு மேல் போகாது, கல்லில் ஒட்டிக்கொண்டு சாதுவாக இருக்கும், பண்ணையிலும் வளர்க்கிறார்கள். அதற்கும் கீழே, 20 லிட்டர், 10 லிட்டர் என்று மேஜை மேல் வைக்கும் அளவுக்கு ஆசைப்பட்டால், மீன் வேண்டாம். கடல்நீரும் கல்லும் பாசியும் அதில் தானாக வளரும் புழுக்களும் போதும். கடையில் எந்த மீனைக் காட்டினாலும் "இது எங்கே பிறந்தது?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்புங்கள்.